விளக்கு வைத்த பிறகு உறைமோர்

"அரை டம்ளர் மோரைக் கேட்டு ஒரு முழு சினிமாவையே நிறுத்தினவ நான். கேமரா நின்னுச்சு, லைட்டு நின்னுச்சு, கீழ நின்ன ஜெனரேட்டர் வண்டிகூட வாயை மூடிக்கிச்சு. அந்த டைரக்டர் பொண்ணு என் கையைப் புடிச்சிக்கினு, 'ஆன்ட்டி, மீதிப் படத்தை நீங்களே எடுத்துக் குடுத்துடுங்க'ன்னா. நான்தான் முடியாதுன்னுட்டேன். அடுப்புல பருப்பு வெந்துகினு இருந்துச்சு."

லோகநாயகி இதைச் சொன்னது முகப்பேர் ஹவுசிங் போர்டு குடியிருப்பில், சி பிளாக் மூன்றாவது மாடியில், நாகம்மாவின் ஹாலில். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அந்தப் படம் அன்றைக்குத்தான் வீட்டு டிவியில் பார்க்கக் கிடைத்திருந்தது. பார்க்க நூறு பேர் திரண்டிருந்தார்கள் என்று மறுநாள் லோகநாயகி சொல்லப்போகிறாள். சோபாவில் மூன்று பேர், பாயில் மூன்று பேர் இருந்தார்கள்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் லோகநாயகி. அத்தனை வருஷம் அடுத்தவர் பேச்சுக்கு இணைப்பு கொடுத்துக்கொண்டே இருந்தவளுக்கு, ஓய்வுக்குப் பிறகு தன் பேச்சுக்கு மட்டும் இடைவெளி கொடுக்கத் தெரியாமல் போயிற்று. போன மழைக்காலத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் வந்தது. வாசற்படியில் உட்கார்ந்தபடியே வஞ்சிரம் பிடித்தேன் என்றாள். கடல் மீன் எப்படி முகப்பேருக்கு வந்தது என்று கேட்டதற்கு, "வழி கேட்டுகினு வந்துச்சு" என்றாள். சி பிளாக்கில் யாரும் அவளை நம்புவதில்லை. ஆனால் எல்லோரும் ரசித்தார்கள். ஒருவன் மட்டும் நம்பவும் இல்லை, ரசிக்கவும் இல்லை. அவன் நாகம்மாவின் மகன் ராகவன்.

ராகவனுக்கு அம்பத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஞாயிறுதோறும் மனைவி மோகனப்பிரியாவோடு வந்து, அப்பா சுப்பராயனின் போட்டோவுக்குப் பூ வைத்துவிட்டுத்தான் உட்காருவான். சுப்பராயன் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு பொருட்காட்சிக்குப் போன அப்பா. சைக்கிள் வாங்கித் தந்த அப்பா. அதே சுப்பராயன்தான் நாகம்மாவை அடித்தவனும். அது சி பிளாக் முழுக்கத் தெரியும், ராகவனைத் தவிர. "அப்பாவுக்குக் கோவம் வரும்மா, அவ்ளோதான்" என்பான். நாகம்மா அதற்குமேல் பேசமாட்டாள். புருஷன் போய்ப் பத்து வருஷத்துக்கு மேலாகிவிட்டது. அவளுக்கு இனி யாரிடமிருந்தும் எதுவும் வேண்டியதில்லை. மகன் வாயிலிருந்து ஒரே ஒரு தடவை, 'ஆமாம்மா, நடந்துச்சு' என்று வந்தால் போதும். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கீழ்வீட்டு லோகநாயகிக்குச் சொல்லாமலே தெரியும்.

சுப்பராயன் அடித்த காலத்தில் நடந்ததைச் சொன்னால்தான் மோர்க்கதை புரியும்.

சினிமாவில் ஒருத்தி அடி வாங்கினால் வானத்தில் இடி இடிக்கும். பூச்சாடி ஒன்று தானாக உடையும். அவள் மூன்று சுற்று சுழன்று, சரியாக மெத்தை இருக்கும் பக்கமாகப் பார்த்து விழுவாள். பொட்டு கலையாது, உதட்டோரம் மட்டும் அளந்து விட்டதுபோல ஒரு சொட்டு சிவப்பு. இன்னொரு ரகமும் உண்டு: கதாநாயகன் ஓங்கி ஒன்று விட்டதும்தான் அவளுக்குப் புத்தி வந்து காதலும் வரும், தியேட்டரில் விசில் பறக்கும். இப்படிப்பட்ட படங்களில் ஓராயிரத்தைப் பார்த்துத் தள்ளியவள் லோகநாயகி. ஆனால் சி பிளாக் மூன்றாவது மாடியில் ஒரு நாளும் இடி இடித்ததில்லை. முதலில் ஜன்னல் சாத்தப்படும். பிறகு டிவி சத்தம் திடீரென்று ஏறும். அவ்வளவுதான். கரண்ட் பில்லைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த மாடிப்படி முழுக்க ஊமையாகிவிடும். மறுநாள் சித்திரை வெயிலில் நாகம்மா முழங்கை மறைக்கும் ரவிக்கையில் தண்ணீர் லாரிக்கு நிற்பாள்.

அப்படி ஒரு சாயங்காலம் டிவி சத்தம் ஏறியபோது, லோகநாயகி ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். போலீஸ், பஞ்சாயத்து என்று கிளம்பினால் நாகம்மாதான் இன்னும் இரண்டு வாங்குவாள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பெல் அடித்து, "நாகம்மா, உறை ஊத்தக் கொஞ்சம் மோர் இருக்கா?" என்றாள். விளக்கு வைத்த பிறகு எந்த வீட்டிலும் பால், மோர் வெளியே தரமாட்டார்கள். கேட்கிறவளுக்கும் தெரியும், உள்ளே இருப்பவனுக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்டாள். அவள் பின்னால் அதே பிளாக்கிலிருந்து பொன்னம்மாள் வந்தாள், ஜெபா டீச்சர் வந்தாள், ஆளுக்கொரு டம்ளர். அன்றிலிருந்து எப்போது அந்தச் சத்தம் ஏறினாலும் டம்ளர்கள் ஏறின. அடிக்காதே என்று யாரும் சொன்னதில்லை. மோர் கேட்டு நிற்பார்கள். "விளக்கு வெச்சாச்சே" என்று நாகம்மா உள்ளிருந்து வந்து சொல்லும்வரை, ஓங்கிய கை கீழே வந்து கைலியைச் சரிசெய்யும்வரை, நிற்பார்கள். மோர் கேட்கிற பெண்பிள்ளைகளிடம் எந்த ஆம்பிளை சண்டைக்குப் போவான்? ஒரு துளி மோர் யாருக்கும் கிடைத்ததில்லை. டம்ளர்கள் காலியாகவே இறங்கின. சில மாதங்களில் சுப்பராயனின் கையும் இறங்கிப் பழகிவிட்டது.

"நூறு பேரு டம்ளரோட நின்னோம்" என்பாள் லோகநாயகி. "நான் போட்ட சத்தத்துல தாழ்ப்பாள் தானா கழண்டுச்சு."

இனி சினிமா நின்ற கதை. கிருஷ்ணப்பிரியா என்கிற டைரக்டர் பொண்ணு, ஒல்லியாக, எண்ணெய் காணாத தலையோடு, படம் எடுக்கப் பழைய வீடு தேடி வந்தாள். மாற்றாத ஜன்னலும் பழைய தாழ்ப்பாளும் இருந்த நாகம்மா வீட்டைப் பார்த்ததும் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன கதை?" என்று கேட்டாள் நாகம்மா.

"புருஷன் பொண்டாட்டியை அடிக்கிற கதைம்மா."

நாகம்மா கொஞ்ச நேரம் முந்தானை நுனியைத் திருகினாள். "கடைசியில அவ அவன் கால்ல விழுந்து அழுவாளா?"

"மாட்டாம்மா."

"அப்ப எடுத்துக்க."

படப்பிடிப்பு அன்று நாகம்மா லோகநாயகியின் வீட்டில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மேலே பத்து ஆள் நடமாட்டம். தட்டுமுட்டுச் சத்தம். பிறகு ஜன்னல் சாத்தும் சத்தம். பிறகு டிவி சத்தம் திடீரென்று ஏறியது. எங்கே கேட்டாளோ, யாரிடம் கேட்டாளோ, அந்தப் பொண்ணு இடியையும் பூச்சாடியையும் தூக்கிப் போட்டுவிட்டு அச்சு அசலாக அதையே எழுதி வைத்திருந்தாள். நாகம்மாவின் கையில் இருந்த காம்பு அப்படியே நின்றது. மற்றொரு கை தானாகப் புடவையை இழுத்துத் தோளை மூடியது. சினிமா என்று லோகநாயகியின் புத்தி சொன்னது, கால் கேட்கவில்லை. எழுந்தபோது கையில் டம்ளர் இருந்தது. மாடிப்படியில் பொன்னம்மாள், பழைய முகப்பேர் கிராமத்து மனுஷி, முட்டிவலியோடு ஏறிக்கொண்டிருந்தாள், கையில் டம்ளர்.

"யக்கா, அது ஷூட்டிங்கு."

"தெரியும்டி. அதுக்கு இன்னான்றே இப்ப? சத்தம் கேக்குதா இல்லியா?"

மேலே ஜெபா டீச்சர் ஏற்கெனவே பெல்லில் விரலை வைத்திருந்தாள். ஒரு பையன் குறுக்கே வந்து, "ரோலிங்மா, கேமரா ஓடுது, ரோலிங்!" என்று கிசுகிசுப்பாகக் கத்தினான்.

"ரோலிங்கோ கோலிங்கோ, தள்ளு நைனா" என்றாள் பொன்னம்மாள்.

கதவைத் திறந்தது புருஷனாக நடித்த கிரண். ஆறடி உயரம், லோகநாயகி சொல்லும்போது எட்டடி. வலது கை ஓங்கியபடியே இருந்தது. மூன்று பெண்களும் டம்ளரை நீட்டினார்கள்.

"உறை ஊத்தக் கொஞ்சம் மோர் கெடைக்குமா?"

அவன் தன் கையை அண்ணாந்து பார்த்தான், அது யார் கையோ என்பதுபோல. மெல்ல இறக்கினான். யாரும் 'கட்' சொல்லவில்லை. கிருஷ்ணப்பிரியா கேமராவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அப்போது படியில் இன்னொரு காலடி கேட்டது. நாகம்மா. லோகநாயகியின் அடுக்களையிலிருந்து கைக்கு அகப்பட்ட ஒரு டம்ளரோடு வந்து, பெண்களோடு பெண்ணாக, தன் வீட்டுக் கதவுக்கு வெளியே நின்றாள். அத்தனை வருஷமும் அந்தக் கதவுக்கு உள்ளேயே நின்றவள். உள்ளே சுவரோரம் உட்கார்ந்திருந்த நடிகை நிமிர்ந்து அவளைப் பார்த்தாள், நாகம்மாவும் பார்த்தாள். எழுந்து வந்து, "விளக்கு வெச்சாச்சே" என்று சொல்லவேண்டும் என்று அந்த நடிகைக்குத் தெரியாது. நாகம்மாவே சொல்லிக்கொடுத்தாள்.

மறுநாள் எல்லாவற்றையும் முதலிலிருந்து, டம்ளரோடு வந்த பெண்களையே வைத்து எடுத்தார்கள். கதையில் அந்த வீட்டில் ஒரு சின்னப் பையனும் உண்டு. நாகம்மா டைரக்டரைத் தனியே அடுக்களைக்குக் கூட்டிப்போய் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்பது லோகநாயகிக்கே தெரியாது. வாழ்நாளில் அவளுக்கு நேர்ந்த ஒரே அவமானம் அதுதான்.

"ஆன்ட்டி, படத்துல நடிச்சீங்க, சந்தோஷம்" என்றான் ராகவன், படம் பார்க்கக் கூடிய அந்த ஞாயிற்றுக்கிழமை, ரிமோட்டைக் கையில் உருட்டிக்கொண்டே. "அதுக்காக நம்ம வீட்லயே அப்படி நடந்துச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கீங்களே. நூறு பேரு வந்தாங்களாம், டம்ளராம். நான் இந்த வீட்லதானே வளர்ந்தேன்? எனக்குத் தெரியாதா?"

பொன்னம்மாள் லோகநாயகியைப் பார்த்தாள். லோகநாயகி வாயைத் திறந்து, நாகம்மாவைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். சி பிளாக் சரித்திரத்தில் அப்படி நடந்ததே கிடையாது. மோகனப்பிரியா தட்டில் இருந்த மிக்சரில் வேர்க்கடலையை மட்டும் தேடிக்கொண்டிருந்தாள். "படத்தைப் போடுடா" என்றாள் நாகம்மா.

படம் ஓடியது. தங்கள் வீட்டையே டிவியில் பார்ப்பது எல்லோருக்கும் வேடிக்கையாக இருந்தது. பொன்னம்மாள் தன் முகம் வரும்போது, "நல்லாத்தான்டி கீறேன்" என்றாள். சிரிப்பு ஓயும் முன்பே ஜன்னல் சாத்தப்பட்டது. படத்துக்குள் இருந்த டிவியின் சத்தம் ஏறியது. அடி காட்டப்படவே இல்லை. கிருஷ்ணப்பிரியா கேமராவை அந்தப் பையன் முகத்தின் மேலேயே வைத்திருந்தாள். வெளியே பெல். புருஷன் திறக்கவில்லை. மறுபடி பெல். யாரும் திறக்கக் கூடாது என்று அவன் உறுமினான். பையன் அம்மாவைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான், பிறகு நேராகக் கதவுக்குப் போய்க் கையை நீட்டித் தாழ்ப்பாளைத் திறந்தான்.

லோகநாயகி திடுக்கிட்டு நாகம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருஷமாகத் தன் சத்தத்துக்குக் கழன்ற தாழ்ப்பாள் அது.

ராகவன் படத்தை நிறுத்தினான். திரையில் பையனின் கை தாழ்ப்பாளின் மேலேயே நின்றது. பிறகு எழுந்து, நிஜக் கதவுக்குப் போய், அதே தாழ்ப்பாளின் மேல் விரலை வைத்தான். இப்போது அது அவன் மார்புக்கு நேராக இருந்தது.

"தப்பா எடுத்திருக்காங்க" என்றான். "அந்தப் பையனுக்கு எட்டுது. எனக்கு எட்டலை."

விரலைத் தாழ்ப்பாளிலிருந்து இடுப்பளவுக்கு இறக்கிக் காட்டினான்.

"அரிசி டின்னை இழுத்துட்டு வந்து, மேல ஏறித்தான் தெறந்தேன். தெறந்ததும் கதவுக்குப் பின்னாடி மாட்டிக்கிட்டேன். இடுக்கு வழியா பாத்தா வெளிய நின்னவங்க மொகம் தெரியல. கைதான் தெரிஞ்சது." அவன் லோகநாயகியின் பக்கம் திரும்பினான். கண் நிறைந்திருந்தது. "நூறு பேரெல்லாம் இல்ல ஆன்ட்டி. மூணு டம்ளர். நான் எண்ணினேன்."