கொட்டகைக்குக் கீழே எடுத்த தண்ணீர்

தென்னேரிக்குத் தண்ணீர் கொண்டுபோகும் ஓடையை மாதாமாதம் சோதிப்பவள் ஏஞ்சல். அன்று ஊர்க்கூட்டத்தில் அவள் தூக்கிக் காட்டிய புட்டியில், மருந்து ஊற்றிய தண்ணீர் கருநீலமாக இருந்தது. பாசியை வளர்த்து மீனைக் கொல்லும் சத்து அதிகமாகக் கலந்திருக்கிறது என்றாள். சேறும் அதிகமாம்.

"உங்க தெரு ஜனம்தான் அங்க சோப்பு போட்டுத் துவைக்குதே, வேற இன்னா வரும்?" என்று ஒருவர் அவளைப் பார்த்துச் சொல்ல, கூட்டம் சிரித்தது. துவைப்பதைத் தடுத்துவிடலாம் என்றும் பேச்சு எழுந்தது.

முருகேசன் சிரிக்கவில்லை. துவைக்கும் கல்லுக்கு மேலே, தண்ணீர் வரும் பக்கம், அவர் மகன் வெங்கடேசனின் மாட்டுக்கொட்டகை. பிள்ளையார்பாளையத்துத் தறி வீடுகளுக்குப் பால் போவது அங்கிருந்துதான். சாணம் கழுவிய தண்ணீர் நேரே ஓடையில் விழும். மாடு இறங்க வெட்டிய கரை மழைக்கு மழை கரைந்துகொண்டிருந்தது.

அவர் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டார்.

"ஏஞ்சலு, நாளைக்கு எங்க கொட்டகைக்குக் கீழ எடும்மா. கல்லுக்கு மேல."

"நைனா, உக்காரு" என்றான் பக்கத்தில் இருந்த வெங்கடேசன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"நம்ம அழுக்க இன்னொருத்தர் தலைல கட்டுவாங்க, நான் பாத்துக்கினு இருக்கணுமா? நம்ம வம்சத்துல அது இல்லடா."

மறுநாள் அங்கே எடுத்த தண்ணீர் மருந்து ஊற்றியதும் இன்னும் கறுத்தது. துவைப்பதைத் தடுக்கும் பேச்சு அத்தோடு நின்றது. தனியாக இருக்கும் முருகேசனுக்குக் கேரியரில் சாப்பாடு கொண்டுவரும் பேத்தியும் நின்றுபோனாள். மகன் வீடு கூப்பிடு தூரம். முருகேசன் போய்க் கேட்கவில்லை. தனக்கு மட்டும் கஞ்சி வைத்துக்கொண்டார். பேச்சுத் துணைக்கு ரேடியோ பாடியது. சிலசமயம் அதையும் அணைத்துவிடுவார்.

மழை விட்ட ஒரு காலையில் ஏஞ்சல் நீளக் கண்ணாடிக் குழாயில் ஓடைத் தண்ணீரை நிரப்பினாள். முருகேசன் மேலிருந்து குனிந்து பார்த்தார். சேறு மறைக்காமல், அடியிலிருந்த கறுப்பு வெள்ளைக் குறி பளிச்சென்று தெரிந்தது. அக்கரையில் கொட்டகையின் ஓரம் புதிதாகச் சாணக்குழி வெட்டியிருந்தது. கரைக்குக் கல் பதித்திருந்தது.

"உங்க புள்ளைதான் பெரியவரே" என்று சொல்லிவிட்டு, ஏஞ்சல் அடுத்த மடைக்குப் போனாள்.

வெங்கடேசன் அக்கரையில் வண்டியில் பால் கேன்களை மாட்டிக்கொண்டிருந்தான்.

"தண்ணி தெளிஞ்சிட்டுதுடா!" என்று முருகேசன் கையை உயர்த்திக் குரல் கொடுத்தார்.

வண்டி கிளம்பியது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. உயர்த்திய கையால் அவர் துண்டைச் சரிசெய்துகொண்டு, அடுப்புப் பற்றவைக்க வீட்டுக்கு நடந்தார்.