நான்காவது பிழை

...மூன்று வரைக்கும் வந்துவிடுகிறது, நான்காவது மட்டும் தொண்டையில் நின்றுகொண்டு வரமாட்டேன் என்கிறது, விடுபிழை என்றால் எழுதாமலே விட்டது, இழைபிழை என்றால் தப்பாக எழுதியது, விதிப்பிழை என்றால் சேர்க்கக் கூடாத தலைப்பில் சேர்த்தது, அப்புறம்... அப்புறம் என்ன, முகமெல்லாம் சோப்பு நுரையோடு கண்ணாடிக்குள் நிற்கும் இந்த ஆளைக் கேட்டால் அவன் என்னையே திருப்பிக் கேட்கிறான். பற்றும் வரவும் சமமாக வந்துவிட்ட பிறகும் கணக்குக்குள் ஒளிந்திருக்கிற பிழைகள் நான்கு வகை, சொல்லுங்க சார் என்று போன இன்டர்வியூவில் அந்தக் குறுந்தாடிக்காரன் கேட்டான், எனக்கு ஒரு பிள்ளை இருந்திருந்தால் அவன் வயதுதான் இருக்கும், மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை, நான் மூன்று விரலை மடக்கிவிட்டு நான்காவது விரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், பரவால்ல சார், சொல்லி அனுப்புறோம் என்றான். எந்தக் கம்பெனியும் யாருக்கும் சொல்லி அனுப்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை. இன்றைக்கு வேறு கம்பெனி, வேறு ஆட்கள், அதையே கேட்பார்களா, கேட்க மாட்டார்கள், கேட்பார்கள், ரேசர் தாடையில் ஒரு சிவப்புக் கோடு இழுத்துவிட்டது. இது கைவிட்டுப் போனால் அப்புறம் என்னைக் கூப்பிட ஆள் இல்லை, இந்த நரைக்கு இந்த அழைப்பு வந்ததே பெரிது.

பெயர்தான் மறந்திருக்கிறது, ஆளைத் தெரியாதா எனக்கு, எத்தனை வருடம் அந்தப் பிழையோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். ஆபீசில் எனக்குச் சல்லடை என்று பெயர், என் காதில் விழாது என்று நினைத்துக் கூப்பிடுவார்கள், எனக்கு அதில் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான். இரண்டு பக்கமும் முதல் தடவையிலேயே சமமாக வந்துவிட்டால் மற்றவர்கள் டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்கள், எனக்கு மட்டும் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது, இவ்வளவு லேசில் எப்படி வரும், எங்கேயோ என்னவோ இருக்கிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு முதலிலிருந்து பார்ப்பேன். அப்புறம் அந்தப் புது சாஃப்ட்வேர் வந்தது, அதை எழுதுகிறவர்கள் இரண்டு பேர் என் மேஜைப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள், இதை எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க சார், அதை எப்படிப் பிடிச்சீங்க சார், கேட்கக் கேட்க எனக்குத் தலைகால் புரியவில்லை, ஒன்று விடாமல் சொல்லிக் கொடுத்தேன், யாரும் கேட்காததையும் சேர்த்தே சொன்னேன். எல்லாம் சொல்லி முடித்த பிறகு மேனேஜர் கூப்பிட்டு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார். ஹாலில் மாட்டியிருக்கிறது, நன்றாகத்தான் ஓடுகிறது, மணி பார்த்து நான் போகவேண்டிய இடம்தான் எதுவும் இல்லை.

ஹாலில் என் மனைவி சாப்பாட்டு மேஜை மேல் போர்வையை மடித்துப் போட்டு என் சட்டையை இஸ்திரி போடுகிறாள், தண்ணீர் தெளித்த துணியில் சூடு படுகிற சத்தம் இங்கே வரைக்கும் கேட்கிறது. இவளுக்காகவாவது இன்றைக்கு... வேறொருத்தியாக இருந்தால் இந்நேரம் என்னை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பாள், வீட்டில் இருந்ததைக் கரைத்துத்தான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம், அது அவளுக்கும் தெரியும், ஆனாலும் ஒரு வார்த்தை கிடையாது. ஒவ்வொரு தடவையும் நான் திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போது, “எப்படிப் போச்சு?” என்பாள், “நல்லாப் பண்ணேன்” என்பேன், “கிடைச்சிடும்” என்பாள், அதோடு சரி, அவள் அடுப்படிக்குப் போவாள், நான் ஃபேனுக்கு அடியில் உட்காருவேன். நல்லாப் பண்ணேன் என்று பச்சைப் பொய் சொல்லும்போது அவள் முகத்தை நான் பார்ப்பதில்லை. அவளாவது நம்புகிறாளே என்ற அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் மறுபடி மறுபடி விண்ணப்பம் போடுகிறேன். மத்தியானமானால் மாடி வீட்டு அக்காவுக்குத் தையலில் கூடமாட உதவி செய்யப் போகிறேன் என்று அவள் கிளம்பிவிடுவாள், அதுவும் நல்லதுதான், நான் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை அவள் பார்க்க வேண்டாம். அந்த அக்காவின் மகள் ஆடிட்டரிடம் வேலை பார்த்தவள், மாடியில் நாலைந்து பெண்களை வைத்துக்கொண்டு கணக்கு வகுப்பு எடுக்கிறாள், பற்று வரவு என்று கோரஸாக ஒப்பிக்கிற சத்தம் ஜன்னல் வழியே இறங்கி வரும், நான் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். விடுபிழை, இழைபிழை, விதிப்பிழை என்று வாய்விட்டே சொல்லிப் பார்த்தேன், விரல் தானாக நான்காவதில் போய் நின்றது.

“ஈடுசெய் பிழை” என்றாள், இஸ்திரிப் பெட்டியை நிறுத்தாமல்.

துண்டோடு அவள் பக்கம் திரும்பினேன்.

“விற்பனையில நூறு கூடப் போட்டு, கொள்முதல்லயும் அதே நூறு கூடப் போட்டுட்டா ரெண்டு பக்கமும் சரியா வந்துடும்ல, அதான். தப்பு ரெண்டும் ஒண்ணை ஒண்ணு மறைச்சுக்கும்.” சட்டையைத் திருப்பிப் போட்டாள். “இங்க ஒரு பட்டன் ஆடுதுங்க. ஊசி எங்க வெச்சேன்னே தெரியல, பின்னு குத்தித் தரவா?”

பின் போதும் என்றேன். ஊசி எங்கே இருக்கிறது என்று தெரியாதாம், நாள் தவறாமல் தையலுக்குப் போய்வருகிறவளுக்கு. அவள் புடவையில் ஒருநாளாவது நூல் ஒட்டியிருந்து பார்த்திருக்கிறேனா, ஒரு துணுக்கு, ஒரு பிசிறு... இதைக்கூடப் பார்க்காதவனுக்குப் பெயர் சல்லடை. மாடிக் கோரஸில் இவள் குரலும் எப்போதிலிருந்து, முதல் இன்டர்வியூவுக்குப் பிறகா, இல்லை அதற்கும் முன்பே, கடிகாரத்தை நான் தூக்கிக்கொண்டு வந்த அன்றைக்கேவா. கேட்கலாம், கேட்டால் சொல்லிவிடுவாள், அதனால்தான் கேட்கவில்லை. கோபம்கூட வரவில்லை, வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், வெட்கமாக இருந்தது, அழுகை போல ஏதோ வந்தது, அதை இருமலாக மாற்றிக்கொண்டேன். என் பக்கம் ஒரு நல்லாப் பண்ணேன், அவள் பக்கம் ஒரு கிடைச்சிடும், இரண்டும் ஒரே அளவு பொய், இத்தனை மாதம் வீடு இரண்டு பக்கமும் சரியாக வந்துகொண்டிருந்தது, ஒருநாளும் எனக்குச் சந்தேகம் வரவில்லை, நானும் மற்றவர்களைப் போல டீ குடிக்கப் போய்விட்டேன்.

சட்டை இன்னும் சூடாக இருந்தது, போட்டுக்கொண்டேன், அவளே பின்னைக் குத்தி வெளியே தெரியாமல் மடித்துவிட்டாள், விரல் ஓரத்தில் பென்சில் கரி. “நல்லாப் பண்ணுங்க” என்றாள், “கிடைச்சிடும்” என்றாள், எப்போதும் சொல்கிற அதே குரல்தான், நான்தான் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தேன், அவள் என் காலரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவில் இறங்கி நடக்கிறேன், ஈடுசெய் பிழை, ஈடுசெய் பிழை, இனி செத்தாலும் மறக்காது, கேட்டால் சொல்லிவிடுவேன், அவள் சொன்ன உதாரணத்தோடேயே சொல்லிவிடுவேன்... அந்த இன்டர்வியூ மேஜை கண் முன்னால் வருகிறது, இந்தப் பக்கம் நாற்காலியில் நான் நாலு விரலையும் மடக்கிக்கொண்டு, எனக்குப் பக்கத்து நாற்காலியில் அவள், கை மடியில். அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பது நானாக இருந்தால் இந்த இரண்டு பேரில் யாரை வேலைக்கு எடுப்பேன் என்று சும்மா கேட்டுப் பார்த்தேன், கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது, பஸ்ஸும் வந்து நின்றது.