மஞ்சக்காணிக்கு வழி

மானத்துக்கு முன்னால் மழை எம்மாத்திரம் என்று நினைக்கிறவர் துரைராசு. வானம் அப்படி நினைக்கவில்லை. காலையிலிருந்தே கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது. சாயங்காலத்துக்குள் மழை என்று செல்போனும் டிவியும் டீக்கடையும் ஒரே குரலில் சொல்லிவிட்டன. தை மாத மழையை எந்த நெல்லுக்காரனும் வா என்று கூப்பிடுவதில்லை. ஊரே அறுவடை மெஷினுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் மனைவி பிரகதாம்பாளுக்குச் சோறு இறங்கவில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒன்றரை ஏக்கர் நெல் முற்றித் தலைசாய்ந்து நிற்கிறது. அது அவளுடைய மஞ்சக்காணி. கல்யாணத்தின்போது, மஞ்சள் குங்குமச் செலவுக்கு ஆகட்டும் என்று அப்பா அவள் பெயருக்கே எழுதி வைத்த நிலம். துரைராசுவின் பூர்வீக நிலமெல்லாம் ஒரு தேர்தலிலும் சில கோயில் விழாக்களிலும் அவருடைய பேரைக் காப்பாற்றக் கரைந்து போய்விட்டது. இப்போது வீட்டில் உலை கொதிப்பது இந்த ஒன்றரை ஏக்கரால்தான்.

அதற்குச் சாலை கிடையாது. சாலையை ஒட்டிக் கிடப்பது நல்லக்கண்ணுவின் வயல். அவர் முதலில் அறுத்துவிட்டால் மெஷின் தாராளமாக உள்ளே போகலாம். ஆனால் இந்த வருஷம் அவர் நடவு பிந்திவிட்டது, கதிர் இன்னும் பச்சை. அதை மிதிக்காமல் உள்ளே போக வேண்டுமானால் மெஷினுக்குச் சிறகு முளைக்க வேண்டும்.

இதற்கெல்லாம் இந்தப் பக்கத்தில் ஒரு முறை உண்டு. நிலத்துக்காரர் நேரில் போய், வரப்பில் நின்று, வழி வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டவனுக்கு இல்லை என்று சொன்னவன் ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. ஆள் விட்டுச் சொன்னால் அதற்குப் பெயர் கேட்பது இல்லை, உத்தரவு.

துரைராசு ஆள் விட்டார். மெஷின் புரோக்கர் ஜாபிர் போன வேகத்தில் திரும்பி வந்தான்.

"வழி தர்றேங்குறாருங்க. நீங்க நேர்ல வந்து ஒரு வார்த்தை கேட்டாப் போதுமாம்."

"எங்க அப்பாகிட்ட பண்ணையாளா இருந்தவன் மவன். அவன் வரப்புல நான் போய் நிக்கணுமா?" துரைராசு சட்டையை மாட்டிக்கொண்டார். "புலி பசிச்சாலும் புல்லைத் தின்னாதுடா."

நல்லக்கண்ணு அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வயலைத் துரைராசுவின் பெரியப்பா மகனிடமிருந்தே கிரயம் பேசி வாங்கியவர். பழைய ஆட்கள் மாதிரி ஐயா என்று கூப்பிடாமல், சார் என்று கூப்பிடுகிறவர். துரைராசுவுக்கு நெஞ்சில் குத்தியது இந்த மூன்றும்தான்.

"அடுத்த ஊருக்கு மெஷினைக் கேட்டுக்கிட்டே இருக்காங்கம்மா. மதியம் தாண்டினா என் கையில இல்ல," என்று ஜாபிர் பிரகதாம்பாளிடம் சொன்னான். துரைராசு வண்டியை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்விட்டார். புலிக்கு டீ குடிக்கும் நேரம்.

அவள் கொல்லைக் கதவு வழியாக வெளியே வந்தாள். புருஷனுக்குத் தெரியாமல் ஒரு காரியத்துக்குப் போவது இதுதான் முதல் தடவை.

நல்லக்கண்ணுவும் அவர் பெண்டாட்டி வேம்புவும் வயலில்தான் இருந்தார்கள். பிரகதாம்பாள் வரப்பில் நின்றாள்.

"நல்லக்கண்ணு, கொஞ்சம் வழி விடணும். பயிரு பச்சையா இருக்கு, தெரியுது. வேற வழியில்லாமத்தான் வந்திருக்கேன்."

நல்லக்கண்ணு வானத்தைப் பார்த்தார். "நிலம் உங்களோடதும்மா. நீங்க கேட்டதே போதும். மெஷினை வரச் சொல்லுங்க."

வேம்பு அரிவாளை எடுத்துக்கொண்டு இறங்கி, மெஷின் போகும் அகலத்துக்குப் பால் பிடித்த கதிர்களைத் தானே அறுத்து ஒதுக்கத் தொடங்கினாள். அவள் முகத்தைப் பார்க்கப் பிரகதாம்பாளுக்குத் தைரியம் வரவில்லை.

மெஷின் வந்தது. மிச்சமிருந்த பச்சையை நசுக்கிக்கொண்டு நகர்ந்து, இரண்டு வயலுக்கும் நடுவிலிருந்த வரப்பை எட்டிவிட்டது. அதைத் தாண்டினால் அவளுடைய நெல். அப்போதுதான் சாலையில் துரைராசுவின் வண்டி வந்து நின்றது. யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர் செருப்போடு ஓடி வந்து, வரப்பின் மேல் ஏறி மெஷினுக்கு எதிரே நின்றுகொண்டார்.

"திருப்புடா வண்டியை."

டிரைவர் ஆத்தூர்ப் பக்கத்து ஆள். ஒன்றும் புரியாமல் ஜாபிரைப் பார்த்தான்.

"சார், அம்மா வந்து கேட்டாங்க. நான் கொடுத்துட்டேன். மழை வருது, முதல்ல அறுப்பு முடியட்டும்," என்றார் நல்லக்கண்ணு.

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அதைவிட மோசமான பேச்சு அந்த நேரத்தில் வேறு இருந்திருக்க முடியாது.

"எம் பொண்டாட்டியை உன் வரப்புல நிக்க வச்சு வழி கொடுத்தியா? அப்படி ஒரு நெல்லு எனக்கு வேணாம். திருப்புடா."

எல்லோரும் பிரகதாம்பாளைப் பார்த்தார்கள். 'இது என் நிலம், நீ ஓட்டுப்பா' என்கிற வார்த்தை அவள் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அந்நிய ஆட்கள் முன்னால் புருஷனை எதிர்த்துப் பேசிய பெண்பிள்ளை என்ற பெயர் அவள் வீட்டில் யாருக்கும் இருந்ததில்லை. அந்தப் பெருமையை அவளும் முப்பத்தைந்து வருஷமாகச் சுமந்தவள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மெஷின் திரும்பியது. திரும்புவதற்கு இடம் வேண்டுமே, நல்லக்கண்ணுவின் பயிரில் இன்னொரு வட்டத்தையும் நசுக்கிவிட்டுப் போனது. எதிரிக்குச் சகுனத்தடை ஆகட்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொண்டவன் கதை தெரியும். துரைராசு அதற்கும் ஒரு படி மேலே, அறுத்தது பெண்டாட்டி மூக்கை.

பொழுது சாய்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் வெயில் வந்தபோது மஞ்சக்காணி முழுக்கப் பாய் விரித்த மாதிரி படுத்துக் கிடந்தது. தண்ணீரில் கிடந்த கதிர்மணிகள் முளைவிட்டிருந்தன. பிரகதாம்பாள் ஒரு கதிரைக் கையில் எடுத்துப் பார்த்து அழுதாள்.

வேம்பு தன் வயலிலிருந்து அதைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பக்கத்தில் வந்தாள்.

"அழுது என்னம்மா ஆவப்போவுது? அன்னைக்கு ஒரு வார்த்தை நீங்க பேசியிருந்தா உங்க நெல்லு வீட்டுக்கு வந்திருக்கும். இப்ப எங்க பேரும் சேர்ந்து போச்சு."

"உங்க பேரா?"

"தெரியாத மாதிரி கேக்குறீங்களே. பாதி வழி விட்டுட்டு எங்க வீட்டுக்காரரு மறிச்சுட்டாராம். ஐயா கடைத்தெருவுல சொன்னாராம். இன்னும் மூணு வாரத்துல எங்க அறுப்பு. மெஷின் வராதுன்னு ஜாபிர் போன்ல சொல்லிட்டான். உங்க பங்காளிங்க அவனைக் கூப்பிட்டு மிரட்டியிருக்காங்க. அவனும் பொழைக்கணும்ல."

பிரகதாம்பாளுக்கு உடம்பு கூசியது. நெல் போனதைக் கூடத் தாங்கிக்கொள்ளலாம். பச்சைக் கதிரை அறுத்து வழி கொடுத்தவர்களை வழி மறித்தவர்கள் ஆக்கிவிட்டாரே என்று ஆத்திரம் பொங்கியது. அந்தப் பொய்க்கு இடம் கொடுத்தது தான் அன்று வாய் திறக்காததுதான் என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

அன்று சாயங்காலம் கூடத்தில் பங்காளிகள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். துரைராசுவின் சித்தப்பா மகன் தமிழரசன்தான் உரக்கப் பேசிக்கொண்டிருந்தான்.

"அவன் நெல்லை அறுக்க எந்த மெஷின் வருதுன்னு பாத்துடுவோம்ண்ணே. வழி மறிச்சவனுக்கு அப்பத்தான் புத்தி வரும்."

துரைராசு ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நஷ்டப்பட்ட பெரிய மனிதருக்கு உரிய முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

பிரகதாம்பாள் காபித் தட்டைக் கீழே வைத்தாள். உள்ளே போகவில்லை.

"நல்லக்கண்ணு மறிக்கல தமிழரசு," என்றாள். "நான் போய்க் கேட்டேன். பச்சைக் கதிரை அறுத்துப் போட்டு அவங்க வழி கொடுத்தாங்க. மெஷினுக்கு முன்னால நின்னு மறிச்சது இவரு."

யாரும் காபியைத் தொடவில்லை. தமிழரசன் திரும்பினான். "அண்ணே, அண்ணி சொல்றது நிஜமா?"

துரைராசுவுக்கு முகம் செத்துவிட்டது. ஒப்புக்கொள்ள அப்போதும் ஒரு வாய்ப்பு இருந்தது. "பொம்பளைக்கு நெல்லு போன துக்கம்டா. என்னமோ உளர்றா. நீ உள்ள போ பிரகதா."

அவளுக்குப் பயம் இல்லாமல் இல்லை. இந்த வீட்டில்தான் நாளைக்கும் இருந்தாக வேண்டும், இந்த மனிதருக்குத்தான் சோறு போட வேண்டும். ஆனாலும் இந்தத் தடவை தலை குனியவில்லை.

"போறேன். அதுக்கு முன்னால இவங்க இருக்கையிலேயே சொல்லிடுறேன். காலையில நான் நல்லக்கண்ணு வீட்டுக்குப் போறேன். மஞ்சக்காணியைக் குத்தகைக்கு எடுத்துக்கச் சொல்லிக் கேக்கப் போறேன். முன்வயலும் பின்வயலும் ஒரே கையில இருந்தா, அடுத்த தைக்கு நீங்க யாருகிட்டயும் போய் வழி கேட்டு நிக்க வேணாம்."