ஆற்றுக்குப் போன தொட்டில் சேலை

1961ஆம் ஆண்டு மாசி மாதம், லிந்துலைக்கு மேலேயிருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில், வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவில், அழகம்மாவின் தொட்டில் சேலை உள்ளே இருமிக்கொண்டிருந்த கைக்குழந்தையைப் பக்கத்தில் காலியாகக் கிடந்த தொட்டிலில் பதமாகக் கிடத்திவிட்டு, விட்டத்திலிருந்து தன்னை அவிழ்த்துக்கொண்டு ஆற்றுக்குப் போனது. கொழுந்து நிறுக்க வந்த பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். குழந்தை இருமலை நிறுத்திவிட்டுத் தூங்கியது.

சேலையில் ரோசாப்பூ வாசம் அடித்தது. தோட்டத்தில் எல்லோரும் கட்டிச் சவுக்காரம் போட்டுத் துவைத்த காலத்தில், அழகம்மாவின் கணவன் சோலைமலை அவள்மேல் இருந்த ஆசையில் ஹட்டனிலிருந்து வாசனைச் சலவைப் பவுடர் ஒரு டப்பா வாங்கி வந்திருந்தான். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்துக்குள் நுழையும்போதே அவர்கள் வீட்டுக் கொடி மணத்தது. அன்றிலிருந்து குழந்தைக்குக் கழுத்தில் தடிப்பு, நெஞ்சில் இழுப்பு. மருந்துக்காரர் கொடுத்த தண்ணி மருந்தும் கேட்கவில்லை. மற்றவர்கள் தொட்டிலில் மட்டும் அது நிம்மதியாகத் தூங்குவதைக் கண்ட அழகம்மா, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ராக்காயியின் கண்தான் பட்டுவிட்டது என்று முடிவு செய்தாள்.

“எம் புள்ளைய மயக்கி வச்சிருக்கீங்களா அக்கா?”

“ஆமாடி, காம்பரா நெறைய மயக்கி வச்சது பத்தலைன்னு ஒன்னுதையும் மயக்குறேன். இதுங்க மூக்கத் தொடைக்கவே எனக்கு முந்தானை பத்தல!”

கண்ணேறு கழியட்டும் என்று அழகம்மா சேலையைப் பிடித்து வந்து இன்னும் இரண்டு கை பவுடர் போட்டு ஊறவைத்தாள். வாசம் போய்விடும் என்று சரியாக அலசவும் இல்லை. மறுநாள் சேலை இன்னும் சீக்கிரமாகவே கிளம்பியது. அதற்குள் குழந்தையின் உதடு நீலம் பாரித்திருந்தது; பக்கத்துத் தொட்டிலில் கிடத்திய பிறகுதான் நிறம் திரும்பியது.

அதே காலையில், முதன்முறையாக அந்தப் பவுடரில் துவைத்த சட்டையோடு வேலைக்குப் போன சோலைமலையைத் தேயிலைத் தொழிற்சாலை வாசலிலேயே மேலதிகாரியான டீமேக்கர் நிறுத்தினார். பக்கத்தில் எந்த வாசம் இருந்தாலும் தேயிலை இழுத்துக்கொள்ளும் என்பதால் அங்கே பூ வைத்தவர்களுக்குக்கூட அனுமதியில்லை. “ஒன் சட்டை வாசம் கொழும்புக்காரன் கோப்பைக்குள்ள போயிரும்டா. வெளிய நில்லு.” தினமும் இதையே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தவன் சோலைமலை. அவன் சட்டையை முகர்ந்து பார்த்து, அதைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு வெற்றுடம்போடு, பிள்ளைக் காம்பராவில் குழந்தையோடு இருந்த அழகம்மாவிடம் ஓடினான்.

“கொழுந்தே வாசத்த இழுக்குதுன்னா நம்ம புள்ள இழுக்காதா?”

அழகம்மாவுக்கு அழுகை வந்தது. “நீங்க ஆசையா வாங்கிக் குடுத்ததுங்க...”

“ஆசை எங்கிட்டதானே இருக்கு! அந்த டப்பாவத் தூக்கிப் போடு, வா.”

சேலை ஆற்றங்கரைத் துவைகல்லில் படுத்துக் காத்திருந்தது. இருவரும் அதைச் சவுக்காரம் போட்டு, ரோசா போகும்வரை மாறி மாறி அலசினார்கள். ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் வாரி இறைத்ததில் கொஞ்சம் தாமதமானது. வெயிலில் காய்ந்த சேலை அவர்களுக்கு முன்பே காம்பராவுக்குப் போய் விட்டத்தில் ஏறிக்கொண்டது. குழந்தை அதில் வாயைத் திறந்துவைத்து, இழுப்பில்லாமல் தூங்கியது. அழகம்மா ராக்காயிக்கு ரொட்டி சுட்டுக் கொண்டுபோனாள். “இதுல மயக்க மருந்து ஒன்னும் போடலயே?” என்று கேட்டுக்கொண்டே ராக்காயி எல்லாவற்றையும் தின்றாள்.

அதற்குப் பிறகு வாசனைத் துணிகள் ஆற்றுக்குப் போவது அந்தப் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது. 1965இல் அக்கரப்பத்தனையிலிருந்து யாருடையதோ ஒரு தலையணை உறை பஸ்ஸில் வந்து இறங்கியது. மடியில் இரண்டாவது பிள்ளையோடு இருந்த அழகம்மா அதை முகர்ந்து பார்த்து, “மல்லிகை” என்றாள். பிள்ளையைச் சோலைமலையிடம் கொடுத்துவிட்டு, உறையை அலசிக் காயவைத்து, சாயங்கால பஸ்ஸில் ஏற்றி அனுப்பினாள். கண்டக்டர் அதை ஜன்னலோரமாக உட்காரவைத்தார்.