எண்ணிக்கை கேட்டவர்

சட்டமன்றத்தில் எங்கள் ஐயாவுக்கு 'எண்ணுங்க' என்றுதான் பட்டப்பெயர். ஐந்து தேர்தல் ஜெயித்தவர். அங்கே எந்த மசோதாவானாலும் 'ஆம்' சத்தம் பெரிதா, 'இல்லை' சத்தம் பெரிதா என்று அவைத்தலைவர் காதால் கேட்டே முடிவு சொல்லிவிடுவார். யாராவது எழுந்து "எண்ணுங்க" என்றால்தான் தலைகளை எண்ண வேண்டும். கூச்சலில் யார் என்ன கத்தினார் என்று தெரியாது. எண்ணும்போது தெரிந்துவிடும், கட்சி சொன்னபடி ஓட்டுப் போடவைக்கும் கொறடா முறைத்துக்கொண்டு நிற்பார். பெண்களுக்கு இரவு வேலை, பள்ளியில் பாலியல் பாடம் என்று எத்தனையோ மசோதாக்களை ஐயா இப்படித்தான் கவிழ்த்தார். நான் அவருடைய செயலாளர். பேச்சு எழுதித் தருவதும் நான்தான், ஆகவே பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

அவர் பேர் சொல்ல ஒரு சட்டமும் இருக்கிறது. விவாகரத்து கேட்பவர்கள் முதலில் ஒரு வருடம் ஒரே வீட்டில் இருந்தாக வேண்டும். ஒரு ராத்திரி வெளியே தங்கினாலும் நாள் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். கோபம் ஆறினால் குடும்பம் பிழைக்கும் என்று நான் எழுதினேன், அவர் மேசையைத் தட்டிப் பேசினார்.

பிறகு அவருடைய ஒரே மகள் விவாகரத்து கேட்டாள். மாப்பிள்ளை பல் டாக்டர். வெளியே தங்கமான மனுஷன், வீட்டுக்குள் கை நீட்டுவார். விலா எலும்பு விரிசல் விட்டு அவள் அப்பா வீட்டுக்கு வந்தபோது, "இருட்டுறதுக்குள்ள திரும்பிடும்மா, நாள் வீணாயிடும்" என்றார் ஐயா. சொல்லும்போது அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை. ஆனாலும் சொன்னார்.

எதிர்க்கட்சியில் ஒரு நர்ஸம்மா இருந்தார். அடிபட்டவர் டாக்டர் சான்றிதழ் காட்டினால் வேறு இடத்தில் தங்கலாம், நாள் வீணாகாது என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார்.

"நீங்க ஆதரிக்க வேண்டாம்பா, சும்மா உட்கார்ந்திருந்தா போதும்" என்றாள் மகள்.

"உட்கார்ந்திருக்கேம்மா" என்று அவள் தலையில் கை வைத்தார்.

அன்றைக்கு நானும் அவளும் பார்வையாளர் மாடத்தில் இருந்தோம். எங்கள் கட்சிக்காரர்களே 'இல்லை'யை வாய்க்குள் முணுமுணுத்தார்கள். அவர்களுக்கும் பெண் பிள்ளைகள் உண்டே. "ஆம் என்பதே மிகுதி" என்றார் அவைத்தலைவர். அவள் என் கையைப் பிடித்தாள்.

ஐயா எழுந்துவிட்டார். "எண்ணுங்க!"

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. முகம் வெளிறிப்போய் மாடத்தைப் பார்த்தார். எண்ணினார்கள். திருத்தம் மூன்று ஓட்டில் தோற்றது.

எண்ணிக்கை கேட்டவரே சபை கலைவதற்குள் எழுதிக் கொடுத்தால் அதை ரத்து செய்யலாம், முதலில் சொன்ன 'ஆம்' முடிவே நிற்கும், விதியில் இடம் இருக்கிறது. ஒரு தாளில் இரண்டு வரி கிறுக்கிக்கொண்டு கீழே ஓடினேன்.

"காலு தானா எழுந்துடுச்சுப்பா, சத்தியமா" என்றார் ஐயா. பேனாவை வாங்கினார். அதற்குள் கட்சித் தலைவர் வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"சொந்தப் பொண்ணுன்னுகூடப் பார்க்கலையே! அடுத்த மந்திரிசபையில உங்களுக்கு இடம் இருக்குய்யா."

பின்னாலேயே கேமராக்கள் வந்தன. மகள் ஒவ்வொரு படியாக இறங்கி வருவதை ஐயா பார்த்தார். பேனாவை மூடி என்னிடம் கொடுத்தார்.

"எனக்குக் கொள்கைதான் பிள்ளை" என்றார் கேமராவிடம். நான் எழுதித் தராமல் அவர் பேசிய முதல் வாக்கியம் அது. தாள் என் கையிலேயே இருந்தது. சபை கலைந்ததற்கு மணி அடித்தார்கள்.

மாலையில் அவளை நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன். வழியில், "என் வீட்டுக்கு வந்துடும்மா, உங்க அண்ணி இருக்கா" என்றேன்.

"இன்னைக்கு நூத்தி நாப்பதாவது நாள்ண்ணே. வெளிய தங்கினா திரும்ப ஒண்ணுல இருந்து. என்னால முடியாது."

மாப்பிள்ளையே வந்து கதவைத் திறந்தார். சிரித்த முகம். "டிவியில மாமாவைப் பார்த்தேன். ரொம்பப் பெருமையா இருந்துச்சுன்னு சொல்லிடுங்க சார்" என்றார்.

அவள் அவரைத் தாண்டி உள்ளே போனாள். நான் "சரிங்க, சொல்றேன்" என்றேன்.