அம்புட்டும் உனக்குத்தான்

திண்டுக்கல்லில் தையல் கடை வைத்திருந்த செபஸ்தியானுக்குக் கை பேசும், வாய் பேசாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தோ ஐம்பத்தாறோ, அந்த வருஷ ஈஸ்டருக்கு ஊருக்கெல்லாம் புதுத்துணி தைத்துக் கொடுத்த மனுஷன், கட்டிய பெண்டாட்டி லூர்தம்மாளைத் தோளில் கிழிந்த ரவிக்கையோடு பூசைக்கு அனுப்பினான். தையல்காரன் பெண்டாட்டியைப் பார் என்று நாலு பேர் சிரித்தார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

வீட்டுக்கு வந்தவள் டிரங்குப் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"என் மேல உங்களுக்கு என்னதான் இருக்கு?"

பாவி, ஏதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். பிரியம், பாசம் என்று தமிழில் வார்த்தைக்கா பஞ்சம்? அவனுக்கு நினைத்தாலே காது சிவந்தது. அளவு நாடாவை விரலில் சுற்றினான், அவிழ்த்தான், மறுபடி சுற்றினான்.

"பதில் கெடச்சா கூப்பிட வாங்க. கெடைக்கலன்னா வர வேணாம்," என்று சொல்லிவிட்டு லூர்தம்மாள் கொடைரோட்டில் இருந்த அம்மா வீட்டுக்கு ரயிலேறிவிட்டாள்.

ஒரு வாரம் அவனே கஞ்சி காய்ச்சிக் குடித்தான். மிச்சத்தைத் தெருநாய்க்கு ஊற்றினால் அது மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. அவள் இல்லாமல் ஆகாது என்று அப்போதுதான் உறைத்தது. பிரான்சிலிருந்து வந்த சாமியாருக்கு அங்கி தைத்துக் கொடுக்கப் போன இடத்தில் மெல்ல ஆரம்பித்தான்.

"சாமி, பொண்டாட்டி மேல இருக்குமே ஒண்ணு, அத வெக்கப்படாம சொல்ல எதுவும் வார்த்தை இருக்குதா?"

சாமியார் தாடியைத் தடவினார். "டெண்ட்ரெஸ். எங்கள் பாஷைச் சொல். இங்கிலீஷ்காரனே எங்களிடம் கடன் வாங்கி வைத்திருக்கிறான். கனிவான அன்பு என்று பொருள்."

தமிழ் இல்லை என்றதும் வெட்கம் பாதி குறைந்துவிட்டது. ரயிலில் அதையே முணுமுணுத்துக்கொண்டு போனான். பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

மாமியாரும் மச்சான் அருள்நாதனும் வாசலிலேயே இருந்தார்கள். லூர்தம்மாள் கதவோரம் வந்து நின்றாள்.

"பதில் கொண்டாந்தீங்களா?"

செபஸ்தியான் கண்ணை மூடிக்கொண்டான். "டெண்ட்ரெஸ். அம்புட்டும் உனக்குத்தான்."

கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள் லூர்தம்மாள். அவளுக்கா இங்கிலீஷில் எண்ணத் தெரியாது?

"பத்து டிரஸ்ஸா?" என்றாள். முகம் மலர்ந்துவிட்டது.

"டென் டிரஸ்ஸாம்மா," என்று அருள்நாதன் தாய்க்கு விளக்கினான். "தங்கச்சிக்குப் பத்து ரவிக்கை தச்சுத் தாராராம் மாப்ள."

மாமியார் கோழி அடிக்கச் சொன்னாள்.

அது இல்லை என்று சொல்லலாம்தான். பின்னே என்ன என்று கேட்பார்களே. மாமியார் முன்னால், மச்சான் முன்னால், தமிழில் சொல்ல வேண்டிவருமே. செபஸ்தியான் தலையை ஆட்டினான்.

"ஆமா, பத்துதான்."

ஊர்த்துணியை ஒதுக்கி வைத்துவிட்டு மறுநாளே உட்கார்ந்தான். "அளவெடுக்க வேணாமா?" என்று லூர்தம்மாள் நாடாவை நீட்டினாள். "உனக்கு என்னத்துக்கு அளவு," என்று கத்தரியை எடுத்தான். ரவிக்கை கச்சிதமாகப் பொருந்தியது.

ஏழாவது ரவிக்கையைப் போட்டுக்கொண்டு அவள் பூசைக்குப் போன ஞாயிற்றுக்கிழமை, சாமியார் சும்மா இருந்திருக்கக் கூடாதா? செபஸ்தியான் அந்தச் சொல்லைச் சொன்னானா என்று ஆவலாகக் கேட்டு, பொருளையும் விளக்கி அனுப்பிவிட்டார்.

அவள் திரும்பி வந்தபோது அவன் எட்டாவதற்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தான்.

"அது பத்து டிரஸ் இல்லையாமே?"

மெஷினை மிதித்த கால் நின்றது.

"பின்ன எதுக்கு உக்காந்து இம்புட்டும் தச்சீங்க?"

"அத வாய்விட்டுச் சொல்றதுக்கு இது சுளுவா இருந்துச்சு," என்றான், துணியைப் பார்த்தபடி.

லூர்தம்மாளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னும் மூணு பாக்கி இருக்கு. அத முடிச்சுட்டு, எனக்கு மட்டும் கேக்குற மாதிரி, தமிழ்ல ஒருக்கா சொல்லணும்."

செபஸ்தியான் அளவு நாடாவை விரலில் சுற்றினான்.

"இருபதா தச்சுத் தந்துரட்டுமா?"