ஒரு மணி நேரத்துக்கு எத்தனை செட்?

புஷ்பவல்லியின் வலது மணிக்கட்டு வீங்கியதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

போர்ட் கிள்ளானில் துறைமுக வாசலுக்கு எதிரே, இரண்டாவது மாடியில் இருந்தது அந்த ஃபார்வர்டிங் கம்பெனி. கப்பலில் ஏறும் சரக்குக்கும் இறங்கும் சரக்குக்கும் கஸ்டம்ஸ் பாரம், டெலிவரி ஆர்டர், கடிதம் என்று ஏழெட்டுத் தாள்கள் அடிக்க வேண்டும். எல்லாம் சேர்ந்தது ஒரு செட். அந்த வேலைக்கு இரண்டு பேர்: மகதலேனாவும் புஷ்பவல்லியும். மகதலேனாவுக்கு முப்பத்தொன்பது வயது. கிள்ளான் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். புஷ்பவல்லி அவளுக்கு ஐந்து வயது மூத்தவள். ஒன்பது வருஷமாக இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஒருத்தியின் சாப்பாட்டு டப்பாவை மற்றவள் கேட்காமலே திறப்பாள்.

மகதலேனாவுக்குக் கம்ப்யூட்டர் முன்னால் கை சும்மா இருக்காது. விண்டோஸ் 95 போட்ட புது மெஷின்கள் வந்ததிலிருந்து மதியச் சாப்பாடு முடிந்ததும் அதைக் குடைவதுதான் அவளுக்கு ஓய்வு. திரைச் சன்னல்களுக்கு மயில்கழுத்து நிறம் போட்டாள். மணல் கடிகாரம் சுற்றும் இடத்தில் ஒரு குதிரையை ஓட விட்டாள். புஷ்பவல்லியின் திரைக்கு, ஸ்டூடியோவில் கொடுத்து ஸ்கேன் செய்துவந்த பத்துமலைக் கோயில் படத்தைப் பின்னணியாக வைத்தாள். அவளுடைய கடைசி மகளை ஒரு சனிக்கிழமை ஆபீசுக்கு வரவழைத்து, மைக்கில் பேச வைத்துப் பதிந்தாள். அதிலிருந்து அந்த மெஷினைத் திறந்தால், "அம்மா, சாப்ட்டியா?" என்று கேட்கும். லோரி டிரைவர்கள் எட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள். புஷ்பவல்லி ஒவ்வொரு நாளும், "இன்னும் இல்லம்மா," என்று பதில் சொல்லிவிட்டுத்தான் உட்காருவாள்.

மணிக்கட்டு வீங்கியபோது கிளினிக்கில் எண்ணெய் போன்ற ஒரு மருந்தும் இரண்டு நாள் எம்.சி. லீவும் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் அவள் இடது கையால் அடிப்பதைப் பார்த்த மகதலேனாவுக்கு மனசு கேட்கவில்லை.

கம்ப்யூட்டர் பத்திரிகையோடு சும்மா வரும் சிடி ஒன்று அவளிடம் இருந்தது. அதில் நூற்றுக்கணக்கில் குட்டி புரோகிராம்கள். முக்கால்வாசி விளையாட்டு: திரையில் மீன் நீந்தும், சுட்டி போகும் பக்கமெல்லாம் இரண்டு கண்கள் திரும்பிப் பார்க்கும். அவற்றுக்கு நடுவில் ஒன்று, பெரிய வேலைக்காரி. மூன்று எழுத்து அடித்து ஸ்பேஸ் தட்டினால், முன்பே சொல்லி வைத்த முழு வரியும் வந்து விழும். மகதலேனா உட்கார்ந்து பட்டியல் போட்டாள். அடிக்கடி வரும் முகவரிகள், கப்பல் பெயர்கள், சரக்கு விவரங்கள், கடிதத்தின் ஆரம்பமும் முடிவும். இரண்டு வாரத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு சுருக்கங்கள் சேர்ந்தன. அதைப் புஷ்பவல்லியின் மெஷினிலும் தன்னுடையதிலும் போட்டு, "இனிமே கையக் கசக்காதீங்க புஷ்பாக்கா," என்றாள்.

புஷ்பவல்லி மூன்று எழுத்தைத் தட்டினாள். ஜப்பான் கம்பெனி ஒன்றின் நீண்ட முகவரி மடமடவென்று வந்து நின்றது. "அடியே லேனா, இது பேய்லா!" என்று கையை எடுத்துக்கொண்டாள்.

இரண்டு மாதத்தில் வீக்கம் வடிந்தது. நான்கு மணிக்கெல்லாம் இருவரும் வேலையை முடித்துவிட்டு, தேத்தண்ணி குடித்தபடி ஜன்னல் வழியாக கிரேன்களைப் பார்த்தார்கள். அப்படிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நாள்தான் மேனேஜர் கனகலிங்கம் பின்னால் வந்து நின்றார்.

கஸ்டம்ஸில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சத்தம் போட மாட்டார். "டொக்குமெண்ட் எல்லாம் முடிஞ்சுதா?" என்று ஆச்சரியமாகக் கேட்டார். மகதலேனாவுக்குப் பெருமை பொங்கியது. நாற்காலியை இழுத்துப்போட்டு அவரை உட்கார வைத்து, சுருக்கங்களைத் தட்டிக் காட்டினாள்.

"ஒரு மணி நேரத்துக்கு எத்தனை செட் வரும்?"

"முன்னாடி ஆளுக்கு நாலு சார். இப்ப பதினொன்னு!"

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். "வெரி குட்" என்றும் சொன்னார்.

அது தொண்ணூற்றேழு டிசம்பர். ரிங்கிட்டின் மதிப்பு விழுந்து, தினம் ஒரு கம்பெனி ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த நேரம். பொங்கலுக்கு நான்கு நாள் முன்பு புஷ்பவல்லியை உள்ளே கூப்பிட்டார்கள். பத்து நிமிஷத்தில் ஒரு கவரோடு வெளியே வந்தாள். இழுப்பறையிலிருந்து சீப்பையும் விபூதி டப்பாவையும் எடுத்துப் பையில் போட்டாள்.

"என்னாச்சுக்கா?"

"பதினொன்னுன்னு நீதானே சொன்ன. ரெண்டு பேரு எதுக்குன்னு கேக்கறாரு." அவள் குரலில் கோபம்கூட இல்லை. மகதலேனா எழுந்து பின்னால் போவதற்குள் படியிறங்கிவிட்டாள்.

மறுநாள் காலையில் மகதலேனா தன் மெஷினைத் திறந்தபோது, ஆபீஸ் பையன் வழக்கப்படி பக்கத்து மெஷினையும் தட்டிவிட்டான். "அம்மா, சாப்ட்டியா?" என்றது அது. மகதலேனா கழிவறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டாள். அந்தக் குரலை எடுத்துவிட அவளுக்கு ஒரு நிமிஷம் போதும். எடுக்க மனம் வரவில்லை. ஸ்பீக்கரின் வயரை மட்டும் பிடுங்கிவைத்தாள்.

இரண்டு பேர் வேலை அவள் தலையில் விழுந்தது. அதுகூடப் பெரிதில்லை. அடுத்த வாரம் கனகலிங்கம் ஒரு தாளை நீட்டினார். சுருக்கப் பட்டியல் கம்பெனியின் சொத்து, வெளியாள் யாருக்கும் தரக்கூடாது என்று இருந்தது. கையெழுத்துப் போட்டாள். அதற்கடுத்த வாரம் ஒரு பேஜரைக் கொடுத்தார்.

"நீங்க இல்லாட்டி ஆபீஸ் நின்னுடும் மகதலேனா. அதான்."

அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில், சாமியார் அப்பத்தை உயர்த்திப் பிடித்த நேரத்தில் இடுப்பில் அது கீச்சிட்டது. முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வெளியே போய்ப் பொதுத் தொலைபேசியில் பேசினாள். ஏதோ ஒரு கொண்டேனர் பெட்டியின் எண் எந்தத் தாளில் இருக்கிறது என்று கேட்டார்கள்.

வேறு யாருக்காவது சொல்லிக் கொடுக்கிறேன் என்றாள். ரிசப்ஷன் பெண் கற்றுக்கொள்வாள், கெட்டிக்காரி என்றாள். "இப்ப வேணாமே. வேலை ஓடுதுதானே?" என்றார் கனகலிங்கம். வேறு இடம் தேடலாமென்றால் அந்த வருஷம் யார் ஆள் எடுத்தார்கள்? அவள் கணவன் இருதயம் கொண்டேனர் லோரி ஓட்டுகிறவன். வாரத்துக்கு ஆறு டிரிப் போய்க்கொண்டிருந்தவனுக்கு இப்போது இரண்டுதான். "கப்பலே வரல, நீ வேலைய விடறேங்கற. பல்லக் கடிச்சிட்டு இரு லேனா," என்றான். அவன் சொன்னதிலும் தப்பில்லை.

ஜூலையில், புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு மூன்று நாள் லீவு கேட்டாள். கல்யாணமான பதினாறு வருஷத்தில் ஒரு வருஷமும் தவறியதில்லை. பஸ்ஸுக்குப் பெயர் கொடுத்தாகிவிட்டது. கனகலிங்கம் காலண்டரைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த வாரம் நாலு கப்பல். நீங்களே சொல்லுங்க, யார் செய்வா?" என்றார். இருதயமும் பிள்ளைகளும் மட்டும் போனார்கள்.

அவர்கள் போன அன்று மதியம் மகதலேனா அந்தக் குட்டி புரோகிராம் இருந்த ஃபோல்டரை அழுத்தி, டிலீட் பொத்தானைத் தட்டினாள். நிச்சயமாக அழிக்கத்தானா என்று ஒரு கட்டம் வந்து கேட்டது. ஆம், இல்லை. ஆம் என்று தட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தாள். புஷ்பவல்லி திரும்பி வரப்போவதில்லை. நாலு கப்பல் தாளையும் எழுத்தெழுத்தாக அடிக்கப் போவது இவள் கைதான். தன்னை அடைத்திருந்த சுவரும் அதுதான், சாய்ந்து நிற்பதற்கு இருந்த சுவரும் அதுதான். இல்லை என்று தட்டிவிட்டு அடுத்த செட்டை எடுத்தாள்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, யாரிடமும் சொல்லாமல் காப்பார் பஸ் ஏறினாள். ஏழு மாதமாகப் போகத் துணியாத வீடு. புஷ்பவல்லி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பார்த்ததும், "வா," என்றாள். உட்காரச் சொல்லி, மைலோ கலக்கி வைத்தாள்.

மகதலேனா மனப்பாடம் செய்து வந்ததெல்லாம் மறந்துபோனது. "நான் வேணும்னு சொல்லலக்கா. உங்க கைக்காகத்தான் அத செஞ்சேன்."

"தெரியும்."

"அப்பறம் ஏங்க்கா எங்கிட்ட பேசாம போனீங்க?"

"பேசுனா அழுதிருப்பேன். அந்தாளு முன்னாடி நான் எதுக்கு அழணும்?" புஷ்பவல்லி ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பிறகு, வெகுநாளாக யோசித்து வைத்ததைப் போலச் சொன்னாள்: "பண்டமாரான்ல ஒரு ஷிப்பிங் ஏஜெண்ட்டு ஆளு கேக்கறான். நாப்பத்தஞ்சு வயசுக்காரிய எடுக்க யோசிக்கறான். லேனா, அந்த பேய எனக்கு ஒரு ஃப்ளோப்பில போட்டுக் குடு."

மகதலேனா கையெழுத்துப் போட்ட தாளைப் பற்றிச் சொன்னாள். "சரி, குடி, ஆறிடும்," என்று புஷ்பவல்லி மைலோவைக் காட்டினாள்.

அந்த 'சரி'தான் மகதலேனாவை வாரம் முழுக்கத் தூங்கவிடாமல் செய்தது. கடைசியில் அவள் தனக்கென்று ஒரு நியாயம் பண்ணிக்கொண்டாள். புரோகிராம் பத்திரிகைச் சிடியில் ஊருக்கே சும்மா கிடைப்பது. கம்பெனி சொத்து என்றால் அதன் வாடிக்கையாளர்கள் பெயர்தான். மூன்று மதிய இடைவேளைகளில் அந்தப் பெயர்களையும் முகவரிகளையும் ஒவ்வொன்றாக எடுத்தாள். துறைமுகப் பெயர்கள், சரக்கு வார்த்தைகள், கடித வரிகள் என்று தொண்ணூற்றாறு மிஞ்சின. அதை ஃப்ளோப்பியில் இறக்கியபோது டிரைவ் கரகரவென்று போட்ட சத்தம் கட்டடம் முழுக்கக் கேட்டதாகத் தோன்றியது. கனகலிங்கம் அறையில் போனில் பேசிக்கொண்டிருந்தார். ரயில் ஸ்டேஷனில், டிக்கெட் கவுண்டர் பக்கத்தில் நின்று அதைப் புஷ்பவல்லியின் பைக்குள் போட்டாள். பல நாட்கள் பேஜர் கீச்சிடும்போதெல்லாம் அதற்காகத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தாள். ஆனால் யாரும் எதுவும் கேட்கவில்லை.

தீபாவளி முடிந்து ஒரு மாலை, கிள்ளான் போகும் ரயிலில் இருவரும் சந்தித்தார்கள். புஷ்பவல்லிக்கு வேலை கிடைத்திருந்தது. கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது.

"எத்தனை பேரு அக்கா அங்க?"

"என்னோட சேத்து மூணு பேரு. ரெண்டு புள்ளைங்களுக்கும் பேயப் போட்டுக் குடுத்துட்டேன்."

"பாஸுக்குத் தெரியுமா?"

"ஏதோ வேகமா அடிக்கறோம்னு தெரியும். ஒருநா கேட்டான், ஒரு மணி நேரத்துக்கு எத்தனைன்னு." புஷ்பவல்லி எதிரே இருந்தவர்களைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஆறுன்னேன். மூணு பேரும் எப்ப கேட்டாலும் ஆறுதான். மிச்ச நேரத்துக்கு மூச்சு விட்டுக்கறோம்."

மகதலேனா சிரிக்கவில்லை. தன் ஸ்டேஷன் வந்ததும் புஷ்பவல்லி எழுந்து, அவள் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு இறங்கினாள். அவர்கள் பழையபடி ஆகிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. ஒன்பது வருஷத்துச் சாப்பாட்டு டப்பா ஒரு ஃப்ளோப்பியால் திரும்பி வந்துவிடாது.

மறுநாளிலிருந்து மகதலேனா ஆறு செட் செய்தாள்.

செய்வது லேசாக இல்லை. பழகிய விரல் தானாக மூன்று எழுத்தைத் தட்டும். ஆகவே சுருக்கங்களில் பாதியை நிறுத்திவைத்தாள். அப்படியும் மீறிப் போகும் கையை மடியில் வைத்துக்கொண்டு, தாளைச் சரிபார்ப்பதுபோல ஒவ்வொரு வரியாகப் படித்தாள். ரிங்கிட் மலிவாகிப்போனதால் ஏற்றுமதி மறுபடி சூடுபிடித்திருந்த சமயம். தட்டில் கோப்புகள் ஏறின. ஐந்தரை மணிக்குப் பையை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

இரண்டாவது வாரம் கனகலிங்கம் நாற்காலி ஒன்றை எடுத்து வந்து அவள் பின்னால் உட்கார்ந்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். ஒரு மணி நேரம். கழுத்தில் வியர்வை இறங்குவது அவளுக்குத் தெரிந்தது. ஒவ்வொரு எழுத்தும் ஆணி அடிப்பதுபோல விழுந்தது. ஒருமுறை ஆள்காட்டி விரல் வேகமெடுத்தது. மூக்கைச் சொறிவதுபோல அதைத் தூக்கிக்கொண்டாள்.

ஆறு.

"பதினொன்னு வந்துட்டிருந்ததே?"

"வந்தது சார். ஒரு ஆளு ஒரு வருஷம் அப்படி செய்யலாம். இப்ப இவ்வளவுதான் வருது."

"புரோகிராம் கெட்டுப்போச்சா?"

அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். "புரோகிராம் நல்லாதான் இருக்கு சார். எனக்குத்தான் ஆவல. இன்னொரு ஆளு போடுங்க. இல்லன்னா என்னை நிறுத்துங்க."

நிறுத்தினால் வீட்டில் என்ன சொல்வது? கனகலிங்கம் கடிகாரத்தை எடுத்து மெதுவாகக் கட்டிக்கொண்டார். "பார்ப்போம்," என்றார். பார்ப்பதற்கு அவருக்கு ஐந்து வாரம் பிடித்தது. அதற்குள் இரண்டு வாடிக்கையாளர்கள் சத்தம் போட்டார்கள், ஒரு கொண்டேனர் கப்பலைத் தவறவிட்டது. அவர் அவளுக்குக் குட் மார்னிங் சொல்வதை நிறுத்திக்கொண்டார். அவள் தினமும் வந்து, ஆறை முடித்துவிட்டுப் போனாள்.

ஜனவரியில் ஜோசஃபின் என்று ஒரு பெண் வந்தாள். ஷா ஆலம் தொழிற்சாலை ஒன்றில் கிளார்க்காக இருந்து ஆட்குறைப்பில் வெளியே வந்தவள். பயந்த கண்கள். புஷ்பவல்லியின் நாற்காலியில் நுனியில் உட்கார்ந்து, "எவ்ளோ சீக்கிரம் செய்யணும்க்கா?" என்று கேட்டாள்.

"அவசரமில்ல, மணிக்கு ஆறு போதும்," என்றாள் மகதலேனா. "மொதல்ல நல்லா சாஞ்சு உக்காரு."

"கண்ணு எரியுதுக்கா. இந்த ஃபேன் நேரா மூஞ்சில அடிக்குதுலா."

மகதலேனா எழுந்துபோய் சுவர் ஃபேனின் கழுத்தைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினாள். அது துருப்பிடித்து இறுகியிருந்தது. இரண்டு கையாலும் இழுக்க வேண்டியிருந்தது.